கொள்ளைக்காரன் கதை குழந்தைகளுக்காகுமா?

கேள்வி: ராபின் ஹூட்டைப் படித்து மகிழும் பிள்ளைகளுக்கு, நம் நெல்லைச் சீமை ஜம்புலிங்கத்தின் கதையையும் சாகச நாவலாக எழுதித் தரலாமா? அவன் கொள்ளைக்காரனாயிற்றே! (வாசகர், கடையநல்லூர்)

பதில்: தாராளமாக எழுதலாம், ராபின் ஹூட் மட்டும் ராஜாங்க உத்தியோகமா பார்த்தான்? பழைய ஆங்கிலக் கதைப்பாடலொன்றில், பந்தயப் பணத்தைத் தர மறுத்த 15 வனக்காவலரை அம்பெய்து மாய்க்கும் அவனை, 1883இல் பாலருக்கென நாவலாக்கிய அமெரிக்க எழுத்தாளர் ஹோவர்ட் பைல், தன்மீது முதலில் அம்பெய்த ஒருவனை மட்டுமே கொன்று, அந்தப் பாபத்தை எண்ணி எண்ணி வருந்தும் இளைஞனாக மாற்றியமைத்து, சித்திரங்களையும் தாமே வரைந்து சேர்த்தார். குற்றத்தை அவர் மறைக்கவில்லை. குற்றவாளிக்கு மனச்சாட்சியை அளித்தார். பாலர் இலக்கியத்தின் சாமர்த்தியமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

1923இல் போலீஸார் குண்டுக்கு இரையான ஜம்புலிங்கமோ, செல்வரிடம் பறித்து ஏழைக்கு ஈந்தவனாகக் கதைப்பாடல்களில் இன்றும் ஜீவித்திருக்கிறான். ராபின் ஹூட் வாழ்ந்த ஷெர்வுட் வனத்தை நம் பிள்ளைகள் கற்பனையில்தான் காண வேண்டும். ஜம்புலிங்கம் நடமாடிய சீமைக்கு மேற்கெல்லையாக நிற்கும் மலைத்தொடரோ, உங்கள் கருப்பாநதியையும் ஈன்றெடுத்து, வாசலில் நின்று பார்த்தாலே தெரிகிறது. அவனைப் பற்றிய கதைப்பாடல்களை அறிந்த முதியோர் உங்கள் பக்கத்தில் இருந்தால், தாமதியாமல் கேட்டு எழுதி வையுங்கள். நாவலாசிரியர் பிறகு வருவார்.