சும்மா இருக்கவும் சட்டம் உண்டு

சின்ஜூ, தைவான்

அன்புள்ள ஆச்சிக்கு,

நான் நலம். மூட்டுக்குத் தைலம் ஒழுங்காகத் தேய்க்கிறாயா? இந்தக் கடிதத்தை உனக்கு வாசித்துக் காட்டப்போவது சித்தி என்று தெரியும். சித்தி, பிறை அடைப்புக்குள் இருப்பதெல்லாம் உங்களுக்கு மட்டும். வாய்விட்டு வாசித்துவிட வேண்டாம்.

இங்கே சீனப் புத்தாண்டு நெருங்கிவிட்டது. ஆபீசில் ஒருத்தருக்கும் வேலையில் புத்தி இல்லை. மேனேஜரே கூப்பிட்டு, "லீவு போட்டு எங்காவது போய் நிம்மதியாக இருந்துவிட்டு வா" என்றார். தைபே போய் ஒரு நாள் முழுக்க நிம்மதியாக இருந்ததில் கெண்டைக்கால் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த நாட்டுக்காரர்கள் சும்மா இருப்பதற்கும் சட்டதிட்டம் வைத்திருக்கிறார்கள் ஆச்சி. நீ இங்கே பிறந்திருந்தால் மந்திரியாகியிருப்பாய்.

காலையில் முதல் வேலை குளியல். தைபேயின் வடக்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் பெய்தோ என்று ஒரு இடம். பூமிக்குள்ளிருந்தே வெந்நீர் வருகிறது. விறகும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம். மெட்ரோ ரயிலிலேயே போய்விடலாம். ஆனால் ரயிலுக்குள் எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது. பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. மீறினால் 1,500 முதல் 7,500 தைவான் டாலர் வரை அபராதம். குறைந்த அபராதமே நம் காசுக்கு 4,000 ரூபாய் வரும். தென்காசியில் ஏறிச் செங்கோட்டை வருவதற்குள் முறுக்கு, சுண்டல், புளியோதரை எல்லாம் முடித்துவிடும் நம் குடும்பத்தை இந்த ரயிலில் ஏற்றினால் வீட்டை விற்றுத்தான் இறங்க வேண்டியிருக்கும்.

கடைசியில் ஒரே ஒரு ஸ்டேஷனுக்கென்று தனிக் கிளைப் பாதை. ஜப்பான்காரர்கள் ஆண்டபோது, குளிக்க வருகிறவர்களுக்காக 1916-ல் போட்டது. 1988-ல் பழைய பாதையை மூடியபோது அந்த மர ஸ்டேஷனை அப்படியே கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு மனசு ஆறவில்லை. 2017-ல் திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். குளிக்கப் போகிற வழிக்கே இவ்வளவு மரியாதை.

கொஞ்சம் ஏறிப்போனால் ஊற்றைப் பார்க்கலாம். பச்சை நிறத்தில் ஒரு குளம், மேலே எந்நேரமும் ஆவி. சூடு 80 முதல் 100 டிகிரி. கந்தக வாடை தொண்டைவரை இறங்குகிறது. முன்பெல்லாம் ஜனங்கள் இதில் முட்டை அவித்துத் தின்பார்களாம். முட்டையோடு சேர்ந்து ஆட்களும் வெந்ததால் இப்போது வேலி போட்டுத் தடுத்துவிட்டார்கள். (சித்தி, கடையில் டீத்தண்ணீரில் வேகவைத்த முட்டை கிடைக்கிறது. இரண்டு சாப்பிட்டேன்.) இந்த ஓடையில் படிகிற ஒரு கல்லில் ரேடியம் இருக்கிறது. 1905-ல் ஒரு ஜப்பானியர் கண்டுபிடித்து, அந்தக் கல்லுக்கு இந்த ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். பயப்படாதே, கல்லை நான் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் பார்த்தேன்.

குளிக்கிற இடம் கீழே பூங்காவில். திறந்தவெளியில் படிப்படியாகக் குளங்கள், மேலே போகப்போகச் சூடு அதிகம். கட்டணம் நம் காசுக்கு 200 ரூபாய்க்குள். ஆணும் பெண்ணும் ஒரே குளம்தான், ஆனால் எல்லோரும் நீச்சல் உடையில் வர வேண்டும். அதுவும் உடம்போடு ஒட்டியதாக இருக்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர், முட்டிவரை தொளதொளவென்று பூப்போட்ட டிரவுசரில் வந்தார். அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். (நானும் ஒட்டியதுதான் போட்டிருந்தேன் சித்தி. போட்டோ எடுக்கவில்லை, கேட்காதீர்கள்.)

குற்றாலத்தில் போலீஸ் விசில் அடித்தால்தான் ஒழுங்கு வரும். இங்கே விசிலுக்குப் பதில் கிழவர்கள் இருக்கிறார்கள். தினமும் வந்து ஊறுகிறவர்கள். காலைக் கழுவாமல் இறங்கினால் ஒரு குரல், துண்டு தண்ணீரில் பட்டால் இன்னொரு குரல். நான் இறங்கியதும், கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக் கிடந்த ஒரு தாத்தா கண்ணைத் திறந்தார். என் இடுப்பைக் காட்டினார். நீ கட்டிவிட்ட வெள்ளி அரைஞாண். பிறகு தன் தலைமாட்டில் இருந்த கறுப்புப் பையைக் காட்டினார். மறுபடி என் இடுப்பு, மறுபடி பை. கந்தகத் தண்ணீரில் வெள்ளி கருத்துப்போகும் என்கிறார்! கழற்றக்கூடாது என்பது உன் சட்டம், கழற்று என்பது அவர் சட்டம். உன் சட்டமே ஜெயித்தது. வெளியே வந்து பார்த்தால் அரைஞாண் ஈயக்கம்பி நிறத்தில் இருந்தது. தாத்தா தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து நீ கொடுத்தனுப்பிய திருநீற்றில் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. அந்தத் தாத்தாவுக்கு ஒரு பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

குளித்த உடம்பு பஞ்சாகிவிட்டது. கண்ணைச் சொக்குகிறது. தூங்க விட்டால்தானே? சில மணி நேரத்துக்கு ஒரு முறை எல்லோரையும் வெளியேற்றிவிட்டுக் குளத்தைக் கழுவுகிறார்கள்.

அங்கிருந்து திஹுவா தெரு. பழைய மளிகைக்கடைத் தெரு. காய்ந்த காளான், முந்திரி, மருந்து வேர், உலர்ந்த மாம்பழம், கருவாட்டு வகைகள். புத்தாண்டுக்கு முந்தைய நாட்களில் கூட்டம் தள்ளித்தான் நம்மை நடத்தும். ஒவ்வொரு கடைக்காரரும் ருசி பார்க்கச் சொல்லிக் கையில் திணிக்கிறார். வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது, வாங்கிக்கொண்டால் பின்னாலேயே வருகிறார். மதியச் சாப்பாட்டுக்கு எனக்குச் செலவே இல்லை. உனக்கு உலர்ந்த மாம்பழமும், சித்திக்கு ஒரு பூப்போட்ட துணிப்பையும் வாங்கினேன்.

இங்கே கடை பில்லைக் கசக்கி எறிய மாட்டார்கள். ஒவ்வொரு பில்லும் லாட்டரிச் சீட்டு! எட்டு இலக்க எண் அச்சாகி வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, 25-ஆம் தேதி அரசாங்கமே குலுக்குகிறது. கடைசி மூன்று எண் பொருந்தினால் 200 தைவான் டாலர். எட்டும் பொருந்தினால் ஒரு கோடி தைவான் டாலர் வரை விழும். கடைக்காரர் பில் போடாமல் வரியை ஏய்க்கிறாரே என்று 1951-ல் யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆபீசர்களை அனுப்பிப் பிடிப்பதற்குப் பதில், வாங்குகிறவனையே பில் கேட்டுச் சண்டை போட வைத்துவிட்டார்கள். நம் ஊரில் 2003-ல் லாட்டரியை ஒழித்த பிறகும் ஆரியங்காவு வரை போய்க் கேரளாச் சீட்டு வாங்கிவந்த தாத்தா மட்டும் இருந்திருந்தால், இங்கே ஒவ்வொரு வாழைப்பழத்துக்கும் தனித்தனி பில் கேட்டிருப்பார்.

ராத்திரி ஷிலின் சந்தை. சாயங்காலம் திறந்து நடுநிசிவரை நடக்கிற தீனிச் சந்தை. நீ கவலைப்படுகிற மாதிரி நான் பட்டினி கிடக்கவில்லை. இந்த நாட்டில் சைவம் தாராளம். சைவக் கடைப் பலகையில் பல இடங்களில் ஸ்வஸ்திக் குறி போட்டிருக்கும், புத்தர் வழி வந்தது. அசல் சைவக் கடை என்றால் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. உன் அமாவாசைச் சமையலை இங்கே வருஷம் முழுக்கக் காசு வாங்கிக்கொண்டு போடுகிறார்கள்.

நாறும் டோஃபு என்று ஒன்று. சோயாக் கட்டியை உப்புநீரில் புளிக்கவைத்துப் பொரிப்பது. தெருமுனை திரும்பும் முன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும். சைவ உப்புநீரா என்று கேட்டுத்தான் வாங்கினேன். வாயில் போட்டால் வெளியே மொறுமொறு, உள்ளே மெத். வாசனையை மட்டும் யாராவது மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். (சட்டையை இரண்டு தரம் துவைத்தாயிற்று சித்தி.)

பிறகு ஜவ்வரிசி டீ. ஆமாம், நீ பாயசத்தில் போடுகிற அதே மரவள்ளிச் சரக்குதான், கோலிக்குண்டு அளவில். டீயில் முதலில் போட்டது யார் என்று இரண்டு கடைக்காரர்கள் பத்து வருஷம் கோர்ட்டில் மல்லுக்கட்டினார்கள். அதை முடிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை என்று 2019-ல் நீதிபதி அனுப்பிவைத்துவிட்டார். கொய்யாத் துண்டு வாங்கினால் பிளம் பழப்பொடி தூவித் தருகிறார்கள். வத்தல்பொடி இல்லாத கொய்யா எனக்கு இறங்கவில்லை. சீத்தாப்பழமும் உண்டு. விலையைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தள்ளி நின்றேன்.

தின்ற குச்சி, டம்ளர், காகிதம் எல்லாவற்றையும் கையிலேயே சுமக்க வேண்டும். தெருவில் குப்பைத்தொட்டி அபூர்வம். நடுராத்திரி தைபேயில் சொத்தாக என் கையில் இருந்தது நாலு மூங்கில் குச்சி.

நடுவில் ஒரு விஷயத்தை வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தேன். திஹுவா தெருவில் ஒரு சின்னக் கோயில், 1859-ல் கட்டியது. ஊர்க்காவல் தெய்வத்தின் கோயில்தான், ஆனால் கூட்டமெல்லாம் உள்ளே இருக்கிற இன்னொரு சாமிக்கு. வெள்ளைத் தாடி வைத்த தாத்தா சாமி, கல்யாணம் முடித்துவைப்பதே வேலை. ஜப்பானிலிருந்தெல்லாம் பெண்கள் வருகிறார்கள். சிவப்புக் கயிறு தருகிறார்கள், பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே கல்யாணம் முடிந்தவர்கள் நன்றிக்கு பிஸ்கட் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எல்லோரும் எடுத்துத் தின்னலாம்.

நீ சொல்லச் சொல்லப் பெண் பார்க்கப் போகாதவன், சரி, இவரிடமாவது கேட்போம் என்று நின்றேன். இங்கேயும் சட்டம். முதலில் பெயர் சொல்ல வேண்டும், பிறகு பிறந்த தேதி, பிறகு எப்படிப்பட்ட பெண் வேண்டும் என்ற விவரம். (அதைத் தனியாக எழுதுகிறேன் சித்தி.) அப்புறம் வீட்டு முகவரி. சரியாகச் சொல்லாவிட்டால் சாமிக்கு வீடு தெரியாதாம். நான் இருப்பது வாடகை வீடு, ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. அதனால் தென்காசி முகவரியையே தெரு, கதவு எண், பின்கோடு உட்படச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். யாராவது வந்து கதவைத் தட்டினால் உட்காரவைத்துக் காப்பி கொடு. ஜாதகம் எங்கே என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடாதே.

உன் பேரன்