நகராத வண்டிகளுக்கான விதிகள் குறித்து

அனுப்புநர்:
வண்டி இல்லாத வீட்டுக்காரர்,
நான்காம் மாடி, வேளச்சேரி, சென்னை.

பெறுநர்:
செயற்குழுவினர்,
எங்கள் அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கம்.

பொருள்: வாகன நிறுத்த விதிகள் – வரைவு – ஆட்சேபணை தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: லிஃப்டுக்குள் ஒட்டப்பட்ட தங்கள் சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய செயற்குழுவினருக்கு,

சுற்றறிக்கையைப் படித்தேன். லிஃப்ட் வழக்கம்போல் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டதால், நிதானமாகவே படிக்க வாய்த்தது.

‘ஒதுக்கப்பட்ட பார்க்கிங்கில் வாகனம் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது’ என்கிறது மூன்றாவது விதி. அதன்படி என் இடத்தில் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வாட்ச்மேன் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார். சாயங்காலம் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து கதை பேசும் என் அம்மாவும் முதல் மாடிப் பாட்டியும் இப்போது படிக்கட்டில் உட்காருகிறார்கள். விதி என்றால் விதிதான்.

பக்கத்து இடத்தில் செயலாளரின் பழைய கார் நிற்கிறது. அது வாகனம் என்பதால் விதிக்கு உட்பட்டது. நான்கு டயரிலும் காற்று இல்லை. கவருக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் ஓடுகிற வண்டிகளுக்கான லௌகீகம். இந்தக் கார் அதையெல்லாம் கடந்த நிலையில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மட்டும் தவறாமல் சந்தனமும் குங்குமமும் உண்டு. டயருக்கு அடியில் வைக்கும் எலுமிச்சம்பழம்தான் பாவம், நசுங்க வழியில்லாமல் அப்படியே காய்ந்துபோகிறது.

சம்ப் மூடியும் அந்தக் காரின் அடியில்தான் இருக்கிறது. தண்ணீர் லாரி வரும் நாளில் நாலு பேர் சேர்ந்து காரைத் தள்ளுகிறோம். அது நகர்வதை அன்றைக்குத்தான் பார்க்க முடியும்.

ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்று நம் மாநிலக் கட்டட விதிகள் கணக்கு வைத்திருக்கின்றன. ஏறக்குறைய 135 சதுர அடி. என் மகன் பிளஸ் டூவுக்குப் படிக்கிற அறை பத்துக்குப் பத்து. அவன் நீட் எழுத வேண்டும்; கார் எதுவும் எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் கட்டட விதிகள் யாருக்குக் கூடுதலாக இடம் ஒதுக்கியிருக்கின்றன என்பது பிளானைப் பார்த்தாலே தெரிகிறது.

சென்ற பொதுக்குழுவில், ‘ஸ்டில்ட் தளம் யாருக்குச் சொந்தம்?’ என்று மூன்றாம் மாடிக்காரர் கேட்டதும் எழுந்த கூச்சல் தங்களுக்கு நினைவிருக்கும். மும்பை அடுக்ககம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் அளித்த தீர்ப்பை அவர் எடுத்துச் சொன்னார்: ஸ்டில்ட் பார்க்கிங் பொதுப் பகுதி, அதைத் தனியாக விற்க பில்டருக்கு உரிமை இல்லை. ‘அது மகாராஷ்டிரச் சட்டப்படி வந்த தீர்ப்பு, நமக்கு எதற்கு?’ என்று பொருளாளர் சொன்னார். நம்மிடம்தான் பில்டர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த ரசீது இருக்கிறதே! அதைவிடப் பெரிய ஆதாரம் உண்டா? வாடகைக்கு இருக்கும் தம்பி ஏதோ சொல்ல எழுந்தார். ‘ஓனரை வரச் சொல்லுங்க’ என்று உட்கார வைத்துவிட்டீர்கள். ஓனர் இருப்பது நியூ ஜெர்சியில்.

ஒன்பதாவது விதிதான் என்னை மெய்சிலிர்க்க வைத்தது: ‘இரண்டாவது காரைக் கட்டடத்துக்கு முன்னால் தெருவில் நிறுத்தலாம். வெளியாட்கள் அங்கே நிறுத்தத் தடை.’ உள்ளே நாம் எல்லோரும் காசு கொடுத்து வாங்கிய பொது இடத்தை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டோம். வெளியே மாநகராட்சித் தெருவைச் சங்கத்தின் சொத்தாக்கிக்கொண்டோம். சிமென்ட் ஊற்றி நடுவில் கம்பி நட்ட பெயின்ட் டப்பா, வரிசையாகப் பூந்தொட்டி, ‘மீறினால் காற்று பிடுங்கப்படும்’ என்ற பலகை. பத்திரம் மட்டும்தான் பாக்கி. பொது இடத்தில் கேட்பாரற்று 10 மணி நேரம் நிற்கும் வண்டியை அப்புறப்படுத்தலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு. தலைவரின் இரண்டாவது கார் சித்திரையிலிருந்து அங்கேயே நிற்கிறது. அதன் கீழே மட்டும் தெரு பெருக்கப்படவில்லை.

ஜப்பானில் 1962 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. கார் வாங்குபவர் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் வைத்திருப்பதாகக் காவல் நிலையத்தில் சான்று வாங்க வேண்டும். அது இங்கே வந்துவிடுமோ என்று செயற்குழு கலங்க வேண்டாம். நமக்கு வேளச்சேரி மேம்பாலம் இருக்கிறது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் ஏரியாவே தன் கார்களை அதன்மேல் வரிசையாக ஏற்றி நிறுத்தவில்லையா? சான்றில் அதையே காட்டிவிடலாம். அன்றும் செயலாளரின் கார் வெள்ளத்துக்கு அஞ்சாமல் கீழேயே நின்றது என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

விதிகளில் நான் கேட்பது சில திருத்தங்கள்தான்:

1. ஓடுவதே வாகனம். செயற்குழு முன்னிலையில் ஸ்டார்ட் ஆகி, கேட்டைத் தாண்டித் திரும்பி வராதது ‘சாமான்’ எனக் கருதப்படும். நாற்காலிக்கு உள்ள விதியே அதற்கும்.

2. தெருவில் வைத்த பலகை, தொட்டி, டப்பா அனைத்தையும் வைத்தவர்களே எடுக்க வேண்டும்.

3. ‘சாமான்’ வைத்திருக்க விரும்புவோர் வைத்துக்கொள்ளலாம். சதுர அடிக்கு வேளச்சேரி வாடகை என்னவோ, அதை மாதம் தவறாமல் மெயின்டனன்ஸ் கணக்கில் கட்ட வேண்டும்.

முதல் இரண்டையும் தள்ளிவிட்டாலும் பரவாயில்லை. மூன்றாவதை மட்டும் நிறைவேற்றுங்கள். 135 சதுர அடிக்கு என்ன வாடகை வரும் என்று புரோக்கரிடம் கேட்டு நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டால் போதும். பேட்டரி இல்லாத கார் மறுநாள் காலையிலேயே கேட்டைத் தாண்டிப் போய்விடும்.

இப்படிக்கு,
மெயின்டனன்ஸ் பாக்கி வைக்காத உறுப்பினர்.