டிபனுக்கும் குடைவரைக்கும் இடைப்பட்ட தூரம்: ஒரு முதற்கட்ட ஆய்வு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நாற்கரச் சாலையில் காருக்கு அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு நண்பர்கள் ‘எதையாவது பார்த்துட்டு வரலாம்’ என்று கிளம்பினால் இதே தூரத்துக்கு ஒரு முழுப் பகல் தேவைப்படுகிறது. பகல் முழுக்கச் செலவழித்தும் ‘எதையாவது’ என்பது பார்க்கப்படாமலே போகிறது. இது ஏன் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். அறிஞர் உலகம் இதைத் தொட்டதாகத் தெரியவில்லை. பல்லவர் கல்வெட்டைப் படித்தவர்கள் பரோட்டாவைக் கணக்கில் எடுக்கவில்லை; பரோட்டாவைக் கணக்கில் எடுத்தவர்கள் கட்டுரை எழுதவில்லை.

ஆய்வுக் களத்தின் மையம் விக்கிரவாண்டி. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் சாலை பிரிகிற இடம். தெற்கே சொந்த ஊர் வைத்திருக்கும் சென்னைவாசிகள் அநேகமாக எல்லாரும் இந்த ஊரைக் கடந்திருப்பார்கள். ஊருக்குள் போனவர்கள் சொற்பம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவுகளில் டோல்கேட்டில் நிற்கும் வாகன வரிசையைத் தொலைக்காட்சிகள் காட்டும். 2024 அக்டோபர் 27 அன்று பக்கத்து வி.சாலையில் தமிழக வெற்றிக் கழகம் தன் முதல் மாநாட்டை நடத்தியபோது ஊர்ப் பெயர் நாடெங்கும் அடிபட்டது. மற்ற நாட்களில் விக்கிரவாண்டி என்றால் பஸ் நிற்கும் மோட்டல்தான்.

எனவே மோட்டலிலிருந்து தொடங்குவதே முறை. “பத்து நிமிஷம் நிக்கும், டீ சாப்புடுறவங்க சாப்புடலாம்” என்ற அறிவிப்போடு விளக்குகள் எரிகின்றன. வெளியே ஸ்பீக்கரில் பாட்டு, பேசினால் காதில் விழாத சத்தத்தில். உள்ளே விலைப்பட்டியல், பார்த்தால் பேச்சே வராத விதத்தில். இங்கே பயணி ஒரு கண்ணைத் தோசையிலும் மறு கண்ணைப் பஸ்ஸிலும் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. மனிதக் கண்கள் இந்த வேலைக்குப் படைக்கப்பட்டவை அல்ல. நண்பர் என்ற உறவின் பயன்பாடு முதன்முதலாகத் துலங்குவது இந்த இடத்தில்தான்: ஒருவர் டோக்கன் வாங்கப் போக, இன்னொருவர் பஸ் படியருகே ஒரு காலை ஊன்றி நிற்பார். அனுபவசாலிகள் இதுவும் வேண்டாம் என்பார்கள். அவர்கள் பார்ப்பது பஸ்ஸை அல்ல, டிரைவரை. “டேய், டிரைவரு இன்னும் கை கழுவல, மெதுவா சாப்புடு.” இந்த விதி எந்த அறிவிப்புப் பலகையிலும் இல்லை, ஆனால் கடிகாரத்தைவிட நம்பகமானது.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்களுடைய சிக்கல் வேறு. அதற்கான முன்மாதிரி வியப்பூட்டும் இடத்தில் கிடைக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற வடமொழி அங்கத நாடகம் எழுதினான். சத்தியசோமன் என்ற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமாவும் காஞ்சிபுரத்தில் சுற்றுகிறார்கள். கள்ளுக்கடையை வேள்விச்சாலைக்கு ஒப்பிட்டு மெய்ம்மறக்கிறார்கள். பிறகு பார்த்தால் மண்டையோட்டுப் பாத்திரத்தைக் காணவில்லை. பழி ஒரு பௌத்தத் துறவிமேல் விழுகிறது. எடுத்துப் போனதோ ஒரு நாய், உள்ளே வறுத்த இறைச்சி இருந்ததால். இருவர், ஒரு நகரம், ஒரு கடை, ஒரு தொலைந்த பொருள், அதையொட்டி ஒரு தகராறு. ஊர் சுற்றும் நண்பர்கள் பற்றிய ஆய்வுக்கு இதைவிடப் பழைய தரவு வேண்டியதில்லை. இன்று மண்டையோட்டின் இடத்தில் கார் சாவி.

அதே மகேந்திரன்தான் விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டுக் குடைவரையைக் குடைந்தவன். பிரம்மா, சிவன், திருமால் மூவருக்குமான இக்கோயிலைச் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் அமைத்ததாகக் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். தனக்கு வைத்துக்கொண்ட பெயர் விசித்திரசித்தன். வெங்காயம் இல்லாமல், பூண்டு இல்லாமல், எண்ணெய் இல்லாமல் ஊத்தப்பம் கேட்கும் வாடிக்கையாளரைப் போன்ற நிபந்தனைகள். வித்தியாசம், இவனுக்குக் கேட்டது கிடைத்தது.

நண்பர்களின் அன்றைய திட்டத்தில் முதலிடம் இந்தக் குடைவரைக்கு. அடுத்து பனமலை: காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மனின் தாளகிரீஸ்வரர் கோயில். குடையின் கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் தேவியின் ஓவியம் அங்கே இன்னும் மிச்சமிருக்கிறது. மூன்றாவது செஞ்சி. திட்டத்தில் குறையே இல்லை. காலை எட்டரைக்குத் திண்டிவனத்தில் டிபனுக்கு நிறுத்தியதுதான் திருப்பம். முதலாமவர் நேரத்தைப் பார்க்க, இரண்டாமவர் இத்துறையின் அடிப்படைக் கோட்பாட்டைச் சொல்கிறார்:

“மச்சி, மண்டகப்பட்டு ஆயிரத்து நானூறு வருஷமா அங்கதான் இருக்கு. இட்லி ஆறிடும்டா.”

மறுக்கவே முடியாத வாதம். ஆறக்கூடியதற்கு முன்னுரிமை, ஆறாததற்குக் காத்திருப்பு. சாலையோரம் இதே தர்க்கம் தொடர்கிறது. கோடையில் நுங்கு, பதநீர், தர்ப்பூசணி. பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு. டோல்கேட்டில் மிளகாய்த்தூள் தடவிய வெள்ளரிப்பிஞ்சு. எல்லாமே இன்றைக்கு மட்டும் உள்ளவை. கல் நாளைக்கும் இருக்கும். நடுப்பகலுக்குப் பனமலை போனால் நடை சாத்தியிருக்கும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்ள, மதியச் சாப்பாட்டை முன்னால் முடித்துவிடுவது என்று ஒருமனதாகத் தீர்மானமாகிறது. (இந்தக் கூட்டணியில் ஒருமனதாக நிறைவேறும் தீர்மானங்கள் எல்லாமே இலை போடுவது பற்றியவை.)

கோட்பாட்டின் கடைசிச் சோதனைக் களம் செஞ்சி. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கி, 1698இல்தான் கோட்டையைப் பிடித்தார். உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற தொகுப்பின் 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றே. ராஜகிரி உச்சி ஏறத்தாழ 800 அடி. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஏற விடமாட்டார்கள். எட்டு ஆண்டு முற்றுகைக்குத் தாக்குப்பிடித்த மலையை வத்தக்குழம்பும் இரண்டாம் ரசமும் தயிரும் முடித்தவர் அண்ணாந்து பார்க்கலாம். வேறெதுவும் செய்ய முடியாது. நண்பர்கள் அதைச் செய்தார்கள். கீழே நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள்.

சோறும் அறிவும் பகை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரமாகும். விக்கிரவாண்டி வட்டாரத்து எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒரு வேதக் கல்லூரியைப் பேசுகிறது: இளநிலையில் 270, மேல்நிலையில் 70, ஆக 340 மாணவர்கள். அவர்களுக்கு நாள்தோறும் நெல் அளக்க ஏற்பாடு இருந்தது. படிப்பதற்கு முன் படி என்பது சோழர்களுக்குத் தெரிந்திருந்தது. நண்பர்களின் பட்டியலில் எண்ணாயிரம் இல்லை. அங்கே ஓட்டல் இருக்கிறதா என்று இரண்டாமவருக்கு உறுதியாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் டோல்கேட் வரிசையில் அடுத்த பயணம் முடிவாயிற்று. திருவக்கரை, கல்லாகிப்போன மரங்கள், வயது இரண்டு கோடி ஆண்டு. எந்தத் தேதி, எந்த வழி, யார் வண்டி என்பதெல்லாம் பிறகு. காலையில் பொங்கலா பூரியா என்பது பேசி முடிந்துவிட்டது.