டெஸ்ட் டியூபுக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

ஒலக்கூர் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு டாக்டர் உத்தியோகம். எந்த நிலையம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் விளக்கம் கேட்டு மெமோ வரும். பதில் எழுத எங்களிடம் வெள்ளைத்தாள் ஸ்டாக் இல்லை. லண்டனில் டாக்டராக இருக்கும் என் தோழி போனில் புலம்புவாள்: "ஸ்கேன் எடுக்க ரெண்டு மணி நேரம் ஆக்கிட்டாங்கடி!" நானும் உச்சுக்கொட்டுவேன். எங்களுக்கு ஸ்கேன் நேரத்தை முடிவு செய்வது திண்டிவனம் பஸ்.

மருந்தே இல்லை என்று நான் சொன்னால் நாக்கு அழுகிவிடும். 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக மருந்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்களுக்கும் ஒரு கழகம் வைத்துக்கொண்டன. ஆகவே சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வந்துவிடும். சிக்கல் நிறத்தில்தான். டெண்டர் எடுத்த கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும்.

"போன மாசம் குடுத்த ரோஸு மாத்திரைலதான் எனக்குத் தலசுத்தல் நின்னுது. இந்த வெள்ள எனக்கு ஆவாது டாக்டரம்மா."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுன்னா ரோஸே குடேன்."

ஐந்தரை வருடம் எம்.பி.பி.எஸ். படித்ததில் இதற்குப் பதில் எந்தப் பாடத்திலும் இல்லை.

பெரிய சாமான்களுக்கும் குறைவில்லை. ஒருமுறை ஒரு மெஷின் வந்தது. வாழைமரம், ரிப்பன், சால்வை, எனக்கே இரண்டு சால்வை. எல்லாரும் போனபிறகு பார்த்தால் அதன் பிளக் பெரிசு, எங்கள் சுவரில் இருக்கும் பாயின்ட் சிறிசு. பாயின்ட் மாற்றுவது வேறொரு துறையின் வேலை. அந்தத் துறைக்குக் கடிதம் போயிருக்கிறது. மெஷின்மேல் இப்போது சால்வைகளை மடித்து வைத்திருக்கிறோம்.

ஆனால் இந்த ஊரில் டாக்டருடைய வண்டவாளம் தெரிவது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற பருவத்தில். கொல்லையில் குனிகிறவர்களைப் பாம்பு கடிக்கும். ஒருநாள் காலை, ஓ.பி. வரிசை வாசல் தாண்டி நிற்கிறது. கால் வீங்கிய ஒருவரைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். பின்னால் இருந்தவர் கையில் யூரியா சாக்கு.

"பாம்பையும் எடுத்தாந்துட்டோம் மேடம்" என்று என் மேஜைமேல் வைத்தார். சாக்கு நகர்ந்தது.

"செத்துடுச்சின்னுதான் நெனச்சோம்" என்றார் அவர், கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டு. ஓ.பி. வரிசை அரை நிமிஷத்தில் காலியானதை அன்றுதான் பார்த்தேன். முழங்கால் வலி என்று வந்த பாட்டிகள்தான் ஓட்டத்தில் முன்னணி.

உண்மையில் பாம்பைக் கொண்டுவரத் தேவையே இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அது வருகிற வழியோ பெரிய கதை. பக்கத்து மாவட்டத்து வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் கூட்டுறவுச் சங்கத்தில் இருளர்கள் பாம்பு பிடித்து விஷம் எடுக்கிறார்கள். அது வெளிமாநிலக் கம்பெனிக்குப் போய், குதிரைக்கு ஊசியாகி, அதன் ரத்தத்திலிருந்து மருந்தாகி, பொடியாகக் குப்பியில் திரும்பி வருகிறது. இத்தனை தூரம் சுற்றுகிற பொருள் எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்தது. இல்லாமல்போனது டெஸ்ட் டியூப்.

விஷம் ரத்தத்தைக் கெடுத்திருக்கிறதா என்று பார்க்கிற சோதனைக்கு மின்சாரம்கூட வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கவேண்டும். உறையவில்லை என்றால் விஷம் வேலை செய்கிறது. குழாய் கண்ணாடியாகவே இருக்கவேண்டும். பிளாஸ்டிக் உதவாது, சோப்புப் போட்டுக் கழுவியதும் உதவாது. எங்களிடம் இருந்ததெல்லாம் பிளாஸ்டிக். கண்ணாடிக்கு இண்டென்ட் போட்டால் 'இருப்பு இல்லை' என்று வரும். ஒரு குழாயின் விலைக்கு யார் ரிப்பன் வெட்ட வருவார்கள்?

நல்லவேளை, அன்று அவருடைய ஈறில் ரத்தம் கசிந்தே பதில் சொல்லிவிட்டது. பத்துக் குப்பி மருந்தை ஏற்ற ஆரம்பித்து, 108-இல் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். "நேரா ஜிப்மருக்கே எழுதிக் குடுத்துடுங்களேன்" என்றார் சாக்குக்காரர். பிழைத்து வந்தவர் ஒரு மூட்டை மல்லாட்டை கொடுத்தார். அதை எந்த ரிஜிஸ்டரிலும் ஏற்றவில்லை; சிஸ்டர்கள் அவித்துவிட்டார்கள்.

பாண்டிக்குப் போய் என் காசில் ஒரு பெட்டி கண்ணாடிக் குழாய் வாங்கி வந்தேன். பிறகு ஆடிட் வந்தது. குறைந்தால் கேள்வி ஒன்றுதான்; கூடுதலாக இருந்தால் பத்து. "ஸ்டாக்குல இல்லாத பொருள் எப்படி மேடம் இருக்குது?" அன்பளிப்பு என்றேன். அப்படியானால் அன்பளிப்பவர் மருத்துவ அலுவலருக்குக் கடிதம் தரவேண்டும், மருத்துவ அலுவலர் ஏற்று நன்றிக் கடிதம் தரவேண்டும் என்றார்கள். நான் எனக்கு எழுதினேன். பரிசீலித்து ஏற்றுக்கொண்டேன். எனக்கு நன்றி தெரிவித்து, நகலை மேலிடத்துக்கு அனுப்பினேன்.

மேலிடத்திலிருந்து இப்போது பதில் வந்திருக்கிறது: அன்பளிப்பாளரின் ஆதார் நகல் இணைக்கப்படவில்லை, அவரை நேரில் அழைத்து விசாரித்து அறிக்கை அனுப்பவும்.