மௌனவிரதம் இருக்கும் ஐஸ் மேக்கர்

கத்திரி வெயில் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் திசையே மாறிவிட்டது. எல்லாம் ஃப்ரிட்ஜ் புலம்பல். அரசியல் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைக்கிறேன், அவை கெட்டுப்போகாது.

கேள்வி: ஐஸ் மேக்கர் திடீரென்று நின்றுவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?
*ஒரு வாசகி, திருச்சி*

உண்டு. ஐஸ் விழும் டப்பாவுக்கு மேலே ஒரு கம்பி தொங்கும். கீழே இறங்கியிருந்தால் ‘போடு’ என்று பொருள், தூக்கி நின்றால் ‘போதும்’. டப்பா நிறைந்ததும் ஐஸ் குவியல் அதைத் தூக்கிப் பிடித்து உற்பத்தியை நிறுத்தும். ஃபேமிலி பேக் ஐஸ்கிரீமை உள்ளே திணிக்கும் கையும் அதையே செய்யும். கம்பியை இறக்கிவிடுங்கள். திணித்தது யார் என்று விசாரணைக் கமிஷன் வேண்டாம். ஐஸ்கிரீம் உங்களுக்காக வாங்கியதாகவும் இருக்கலாம். சில மாடல்களில் கம்பிக்குப் பதில் ஸ்விட்ச், வேறு சிலவற்றில் கதவிலேயே பட்டன். குழந்தை உள்ள வீடென்றால் முதல் சந்தேகம் பட்டன் மீதுதான்.

கேள்வி: ஃப்ரீஸரில் மீன் பாறையாகக் கிடக்கிறது, பட்டாணியும் பாறை. ஐஸ் மேக்கர் மட்டும் ஒரு கட்டி கூடப் போடமாட்டேன் என்கிறது. குளிர்தான் இருக்கிறதே, பிறகென்ன கேடு?
*ஒரு வாசகர், கும்பகோணம்*

குளிர் இருக்கிறது, போதவில்லை. மீன் விறைக்க மைனஸ் நாலைந்து டிகிரியே போதும். ஐஸ் மேக்கருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் கறாரான பேர்வழி. அச்சு சுமார் மைனஸ் 9 டிகிரிக்கு இறங்கினால்தான் ‘உறைந்தாயிற்று, தள்ளு’ என்று மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கும். அதுவரை அச்சில் ஐஸ் இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அடுத்த சுற்றுக்குத் தண்ணீரும் வராது. அந்த நிலைக்கு அச்சு நேரத்தோடு இறங்க வேண்டுமென்றால் ஃப்ரீஸர் மைனஸ் 18 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும்.

ஒரு தெர்மாமீட்டரை இரவு முழுக்க உள்ளே வைத்துக் காலையில் பாருங்கள். மைனஸ் எட்டு, ஒன்பது என்று காட்டினால் ஐஸ் மேக்கர் நிரபராதி. குளிர்காற்று வரும் துவாரத்தை அந்தப் பட்டாணிப் பை அடைத்திருக்கலாம், கதவு ரப்பர் பிளந்திருக்கலாம், கண்டென்சரில் தூசி அப்பியிருக்கலாம், ஃப்ரிட்ஜ் மூச்சுவிட இடமில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்கலாம். என்ன சமைக்கலாம் என்று ஃப்ரீஸரைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள், யோசித்துவிட்டுத் திறப்பதும் ஒரு வைத்தியம்.

கேள்வி: ஐந்து மாடிக் குடியிருப்பில் மேல் தளம் எங்களுடையது. முதல் மாடிக்காரர் வாங்கிய அதே மாடல் ஃப்ரிட்ஜ். அங்கே ஐஸ் கொட்டுகிறது. எங்களுக்கு எப்போதாவது நாலு கட்டி, அதுவும் சூம்பிப்போய். போர்டை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
*ஒரு வாசகர், மடிப்பாக்கம், சென்னை*

போர்டை விடுங்கள், தொட்டியைப் பாருங்கள். குழாய் இணைப்புள்ள ஐஸ் மேக்கர் அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து உருவான சாமான். அங்கே தண்ணீர் பெரும்பாலும் அழுத்தத்தோடுதான் வீட்டுக்குள் நுழையும். அந்தத் தைரியத்தில் பல மாடல்கள் குறைந்தது 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் கேட்கின்றன. நம் குடியிருப்புகளில் பம்ப் வைக்காதவரை அழுத்தம் தருவது மொட்டைமாடித் தொட்டியின் உயரம் மட்டுமே. 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 14 பி.எஸ்.ஐ. என்பது கணக்கு. அப்படியானால் 20 கிடைக்கத் தொட்டியின் தண்ணீர் மட்டம் ஃப்ரிட்ஜுக்கு 14 மீட்டர் மேலே இருக்க வேண்டும். முதல் மாடிக்காரருக்கு அது ஏறக்குறைய இருக்கிறது. உங்களுக்கோ தொட்டி தலைக்கு மேலேயே. நாலு மீட்டர் இருந்தால் ஐந்தாறு பி.எஸ்.ஐ. தேறும். காற்றும் வெளிச்சமும் வேண்டுமென்று மேல் தளத்தை வாங்கியிருப்பீர்கள். தண்ணீர் விஷயத்தில் கீழ்வீட்டுக்காரர்தான் பணக்காரர்.

இதில் இன்னொரு வம்பும் உண்டு. ஃப்ரிட்ஜின் பின்னாலுள்ள சோலினாய்டு வால்வைத் திறப்பது மின்சாரம். இறுக்கி மூட உதவுவது தண்ணீரின் அழுத்தம். அழுத்தம் குறைந்தால் வால்வு சரியாக மூடாமல் சொட்டும். அந்தச் சொட்டு ஃப்ரீஸருக்குள் நுழையும் குழாயின் முனையில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு பெரிய பம்ப் வைத்தாலும், அடைப்பை உருக்காமல் ஒரு துளி உள்ளே போகாது. ‘பம்ப் வைத்தும் பிரயோஜனமில்லை’ என்று வருகிற கடிதங்களுக்கும் இதுவே பதில்.

போர்டுக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் ஒரு வாளிச் சோதனை செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர் வால்வை மூடி, ஃப்ரிட்ஜில் சேரும் குழாயைக் கழற்றி வாளிக்குள் பிடித்து, வால்வைத் திறங்கள். பீய்ச்சியடித்தால் மெக்கானிக் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளலாம். நூல் போல ஒழுகினால் ஒரு சின்ன பூஸ்டர் பம்ப் போதும். சுவரில் மாட்டிய ஆர்.ஓ. கருவியிலிருந்து இணைப்பு எடுத்திருக்கிறீர்களா? அதன் தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்குகிறது, அவ்வளவுதான். அங்கே பம்ப் கட்டாயம். குழாயே இல்லாமல், ஃப்ரிட்ஜுக்குள் தண்ணீர் டப்பா வைத்த மாடல்காரர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். டப்பாவில் தண்ணீர் ஊற்றினீர்களா?

கேள்வி: அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். அவர் வந்த நேரம் பார்த்து ஐஸ் கட்டிகள் சிறுத்து, நடுவில் பொத்தலாக விழுகின்றன. “உங்க ஊர் ஐஸே இப்படித்தானாடா?” என்று கேட்கிறார். மானம் போகிறது.
*ஒரு வாசகர், டல்லாஸ்*

வால்வு ஒரு சுற்றுக்கு ஏழெட்டு விநாடிதான் திறந்திருக்கும். அதற்குள் வந்தது வந்ததுதான். வரத்து மெலிந்தால் அச்சு அரையும் குறையுமாக நிறைந்து கட்டி பொத்தலாகும். உங்கள் ஊரில் அழுத்தத்துக்குக் குறைவிருக்காது, ஆகவே என் விரல் ஃபில்டரை நோக்கி நீளுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கதவில் ஒரு விளக்கு எரியும். அதை அலங்காரம் என்று நினைத்திருப்பீர்கள். ஃபில்டரைக் கழற்றி, ஃப்ரிட்ஜோடு வந்த பைபாஸ் மூடியைப் போட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். கட்டி குண்டானால் விஷயம் தெளிவு. ஆகாவிட்டால் சிங்க் அடியில் பாருங்கள். செப்புக் குழாயில் ஊசி குத்தித் தண்ணீர் எடுக்கும் பழைய வகை வால்வு இருந்தால் அதன் துளை அடைத்திருக்கும், மாற்றிவிடுங்கள். கழற்றிய ஃபில்டரை மட்டும் அம்மா கண்ணில் காட்டாதீர்கள். டீ வடிகட்டியையும் இப்படித்தான் கழுவாமல் வைத்திருக்கிறாயா என்று அடுத்த விசாரணை தொடங்கும்.

கேள்வி: நடுராத்திரியில் ஃப்ரிட்ஜுக்குள் ‘ம்ம்ம்’ என்று முனகல், பிறகு தடதடவென்று சத்தம். மாமியார் மந்திரிக்க ஆள் பார்க்கிறார்.
*ஒரு வாசகி, சேலம்*

தடதட என்பது ஐஸ் விழும் சத்தம், முனகல் என்பது வால்வு திறக்கும் சத்தம். இரண்டும் கேட்டால் உங்கள் ஐஸ் மேக்கர் பூரண சுகம். கவலைப்பட வேண்டியவர்கள் வேறு இரண்டு ரகம். முனகல் கேட்டு, தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் இல்லையென்றால் வால்வு கேட்கிறது, குழாய் கொடுக்கவில்லை. முனகலே இல்லையென்றால் வால்வின் காயில் போயிருக்கலாம், அல்லது ஐஸ் மேக்கர் தண்ணீரே கேட்கவில்லை. பல மாடல்களில் அதன் அடியிலோ பக்கத்திலோ டெஸ்ட் பட்டன் இருக்கும். சில விநாடி அழுத்திப் பிடித்தால் ஒரு சுற்று ஓடிக் காட்டும். அதற்கும் அசையவில்லையென்றால் மோட்டார் விவகாரம், மெக்கானிக்கை அழையுங்கள். மந்திரிப்பவரைவிட அவர் கட்டணம் அதிகமாக இருக்கலாம், ரசீது கிடைக்கும்.

கேள்வி: குழாய் முனையில் ஐஸ் அடைத்திருக்கிறது. குத்தி எடுக்கிறேன் என்று கணவர் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கிறார்.
*ஒரு வாசகி, கோவை*

பிடுங்கி வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரை முதலில், பிளக்கை அடுத்து. இன்று விற்கும் வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பெரும்பாலானவற்றில் ஓடுவது ஆர்-600ஏ என்னும் ஐசோபியூட்டேன், எரியும் வாயு. மெல்லிய குளிர்க்குழாயில் ஒரு குத்து விழுந்தால் வாயுவும் போகும், ஃப்ரிட்ஜும் போகும். கதவைத் திறந்து வைத்து, கீழே துண்டு விரித்து, சில மணி நேரம் காத்திருந்தால் தானே உருகும். அவசரமென்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை முனையில் சுற்றலாம். ஹேர் டிரையர் பிடிக்கிறவர்கள் உண்டு. தண்ணீர் சொட்டும் இடத்தில் மின்கருவி வேண்டாம் என்பது என் கட்சி.

கேள்வி: ஐஸில் வெங்காய வாசனை, சில நாள் கருவாட்டு வாசனை. ஐஸ் மேக்கர் கோளாறா?
*ஒரு வாசகர், தூத்துக்குடி*

இல்லை, சமையலின் புகழ். நாள்பட்ட ஐஸ் பக்கத்திலிருக்கும் வாசனையையெல்லாம் வாங்கிக்கொள்ளும். பழைய ஐஸைக் கொட்டி, டப்பாவைக் கழுவுங்கள். கருவாட்டுக்கு இறுக்கமான மூடியுள்ள பாத்திரம்.

கேள்வி: எங்கள் ஃப்ரிட்ஜ் சாதாரணமானது. தட்டில் தண்ணீர் ஊற்றி, உறைந்ததும் குமிழைத் திருகினால் ஐஸ் விழ வேண்டும். திருகத் திருக விழவில்லை, குமிழ்தான் கையோடு வருகிறது.
*ஒரு வாசகி, திருநெல்வேலி*

கோட்டுக்கு மேல் ஊற்றுகிறீர்கள். தண்ணீர் தடுப்புகளைத் தாண்டினால் எல்லாக் கட்டியும் சேர்ந்து ஒரே பலகையாகிவிடும். பலகையைத் திருக முடியாது. போர் தண்ணீர் என்றால் உப்புப் படிந்தும் தட்டு சொரசொரப்பாகும். வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

கேள்வி: இந்தக் கருவியெல்லாம் இல்லாத காலத்தில் மெட்ராஸில் ஐஸ் எங்கிருந்து வந்தது?
*ஒரு வாசகர், திருவல்லிக்கேணி*

உங்கள் வீட்டிலிருந்து நடந்து போனால் விடை நிற்கிறது. பாஸ்டன் வியாபாரி ஃப்ரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் அங்குள்ள ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியைப் பொதிந்து கப்பலேற்றினார். 1833இல் கல்கத்தாவுக்கு முதல் சரக்கு வந்தது, ஏறக்குறைய நான்கு மாதப் பயணம். 1840களில் மெட்ராஸ் கடற்கரையில் கிடங்கு எழும்பியது. அதுவே ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். இயந்திர ஐஸ் வந்ததும் வியாபாரம் உருகிவிட்டது. டியூடரின் ஐஸ் வெப்ப மண்டலத்தையே தாண்டி வந்தது. மடிப்பாக்கம்காரருக்கு ஒரு மாடி தாண்டித் தண்ணீர் வரமாட்டேன் என்கிறது.

கேள்வி: நீங்கள் போன இதழில் சொன்னபடி ஃபில்டரை மாற்றினேன், அடைப்பை உருக்கினேன். இன்று மாலை ஐந்து மணிக்கு விருந்தாளிகள். ஐஸ் ஆகிவிடுமா?
*ஒரு வாசகி, மதுரை*

ஆகாது. அணைத்துப் போட்ட ஃப்ரீஸர் பழைய குளிருக்குத் திரும்பவே ஒரு நாள் பிடிக்கலாம். அதன் பிறகும் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் போல ஆகும், விழுவது எட்டுப் பத்துக் கட்டி. புது ஃபில்டர் என்பதால் முதலில் வரும் ஐஸைக் கொட்டிவிடவும் வேண்டும். மாலைக்குப் பானைத் தண்ணீரில் மோர் கலக்குங்கள், ஜிகர்தண்டாவுக்கு அவர்களைக் கடைக்கே அழைத்துப் போங்கள்.