மிஷினுக்குத் தாகம்

இதை எழுதுபவருக்கு நேற்று காலை பதினொரு மணி வரை காபி கிடைக்கவில்லை. அலுவலகத்தில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் தொடுதிரை எஸ்பிரஸோ மிஷின் முதலில் தண்ணீர் கேட்டது. ஊற்றினார். கொட்டை கேட்டது. போட்டார். சக்கைப் பெட்டியைக் காலி செய்யச் சொன்னது. செய்தார். கீழே சொட்டும் தண்ணீருக்கான தட்டை எடுத்துக் கொட்டச் சொன்னது. கொட்டிவிட்டு வந்தால், சக்கைப் பெட்டி சரியாக உட்காரவில்லை என்றது. அழுத்தி உட்கார வைத்தார். என்ன தோன்றியதோ, மறுபடியும் தண்ணீர் கேட்டது. “அது அப்பப்ப தன்னையே கழுவிக்கும் சார், ஊத்துறதுல நிறைய அதுக்கே போயிடும்” என்றார் பேன்ட்ரியைக் கவனித்துக்கொள்ளும் தம்பி. கழுவிக்கொண்டது. கழுவிய தண்ணீர் தட்டில் நிரம்பியது. தட்டைக் கொட்டச் சொன்னது. மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். கடைசியில் ஒரு சிவப்பு விளக்கு: டீஸ்கேல் செய்ய வேண்டுமாம். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு உள்ளே படிந்துவிட்டதாம். அதைக் கரைக்க ஒரு மருந்து, அதற்கு அரை மணி நேரம்.

பித்தளை ஃபில்டருக்கு இந்தச் சீராட்டெல்லாம் தேவைப்படுவதில்லை. இந்த வம்பை ஆரம்பித்தவர்கள் யார் என்று பார்த்துவிடலாம்.

இத்தாலிக்காரர்கள்தான். டூரின் நகரத்து ஆஞ்சலோ மொரியோண்டோ, 1884-இல் அங்கே நடந்த பொருட்காட்சியில் நீராவியால் காபி இறக்கும் மிஷினை வைத்தார். அது மொத்தமாக இறக்குகிற பாய்லர். ஆளுக்கொரு கோப்பை என்று அதை மாற்றியவர் மிலானின் லூயிஜி பெஸேரா, 1901-இல். அவருடைய காப்புரிமையை வாங்கி வியாபாரமாக்கியவர் டெஸிடேரியோ பவோனி. எல்லாம் வாடிக்கையாளர் காத்திருக்கக் கூடாது என்பதற்காக! ஆனால் ஆவியின் அழுத்தம் போதவில்லை; அதன் சூட்டில் காபியில் தீய்ந்த வாடையும் அடித்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அக்கிலே காஜியா ஒரு நெம்புகோலையும் ஸ்பிரிங்கையும் வைத்து அழுத்தத்தைப் பல மடங்கு கூட்டினார். காபியின் மேல் நுரை கட்டியது. இதென்ன அழுக்கு என்று மிலான்காரர்கள் முகம் சுளித்தார்கள். காஜியா அசரவில்லை, அது காபியின் க்ரீம் என்று சொல்லி, அந்த நுரையைக் காட்டியே விற்றார். (நம் ஊரில் கடை போட்டிருந்தால் விளம்பரச் செலவு மிச்சம். நுரை இல்லாததை இங்கே யார் காபி என்று ஒப்புக்கொள்கிறார்கள்?) 1961-இல் ஃபேமா நிறுவனம், கை இழுக்கிற வேலையை மோட்டார் பம்புக்குக் கொடுத்தது. அந்த ஆண்டின் சூரிய கிரகணத்தை வைத்து அந்த மாடலுக்கு ‘இ61’ என்று பெயர். கிரகணத்தில் பேர் வைத்தால் வேறு எப்படி விளங்கும்?

இவற்றுக்கு நடுவில் மோக்கா நிற்கிறது. 1933-இல் அல்ஃபோன்ஸோ பியாலெட்டி கொண்டுவந்த அந்த அலுமினியக் குடுவை பரம சாது. அடியில் தண்ணீர், நடுவில் பொடி, அடுப்பில் ஏற்றினால் மேலே காபி. அதை உலகமெல்லாம் விற்றவர் அவருடைய மகன் ரெனாட்டோ. 2016-இல் அவர் இறந்தபோது, அஸ்தியை மோக்கா வடிவக் கலசத்தில் போட்டுத்தான் அடக்கம் செய்தார்கள். தொடுதிரை மிஷினில் ஒருவருடைய அஸ்தியைப் போட்டுப் பாருங்கள், சக்கைப் பெட்டி நிரம்பிவிட்டது என்று சொல்லும்.

இந்த வரலாற்றில் எதிலும் சேராத ஒரு மிஷின் நம் கல்யாண மண்டபங்களில் உண்டு. வாசலோரம் நின்று ‘புஸ்ஸ்’ என்று ஆவி விடுமே, அந்த எஸ்பிரஸோ. அதற்குள் பேருக்கு ஒரு காபிக்கொட்டைகூடப் போவதில்லை. கப்பில் இன்ஸ்டன்ட் பொடி, சர்க்கரை, பால். அதில் ஆவியை விட்டு நுரைக்க வைப்பதோடு மிஷினின் வேலை முடிந்தது. காஜியா பார்த்தால் நெம்புகோலைப் பிடுங்கிக்கொண்டு அடிக்க வருவார். இதை எழுதுபவரோ மணமக்களைப் பார்ப்பதற்கு முன் ஒன்று, பந்தி முடிந்ததும் ஒன்று என்று வரிசையில் நிற்கிறார். அந்த மிஷின் இதுவரை அவரிடம் எதையும் கேட்டதில்லை.

அதை இயக்கும் மாஸ்டர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: சாக்லேட் பொடியைத் தூவுவதற்கு முன்னால் மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள்.