கை வீசினால்தான் கணக்கு

வேளச்சேரியில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் வசிக்கும் அந்த அப்பாவுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. வாசல் காவலாளி முதல் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வரை யாரும் அதைச் சொல்லி அழைப்பதில்லை. ‘ஸ்டெப்ஸ் சார்’ என்றால்தான் ஆள் யாரென்று தெரியும். பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள், வங்கியில் வேலை பார்க்கும் மனைவி, கூடவே அம்மா. வீட்டில் இத்தனை பேர் இருந்தும் அவர் முகம் பார்த்துப் பேசுவது இடது மணிக்கட்டில் கட்டியிருக்கும் கடிகாரத்திடம்தான். மணி என்ன என்று கேட்டால் மட்டும் சுவரைப் பார்த்துச் சொல்வார். கடிகாரத்தில் அந்த நேரம் நாடித்துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்.

இரவு பத்தரை மணிக்கு அந்தக் கடிகாரம் 9,400 என்று காட்டினால் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. பத்தாயிரம் ஆவதற்கு மிச்சம் அறுநூறு அடி நடந்தாக வேண்டும். கூடத்தில் டீப்பாயைச் சுற்ற ஆரம்பிப்பார். “என்னடா, யாராவது செய்வினை வெச்சுட்டாங்களா?” என்று தொடக்கத்தில் அம்மா கேட்டதுண்டு. இப்போது கேட்பதில்லை. டீப்பாயைத் தானே ஓரமாக நகர்த்திவிட்டுப் படுக்கப் போகிறார்.

இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. ஜப்பானியர்களுக்கு உடற்பயிற்சியில் ஆர்வம் கிளம்பிய அந்தச் சூட்டோடு, 1965-ல் யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கருவியின் பெயரிலேயே பத்தாயிரத்தைச் சேர்த்துவிட்டார்கள். மருத்துவர் சீட்டில் எழுதிக்கொடுத்த அளவு அல்ல அது. முழு எண், வாயில் சுலபமாக நுழையும், விளம்பரத்துக்கு ஏற்றது. பிறகு 2019-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான சுமார் 16,700 பெண்களை ஆராய்ந்தார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500-ஐ ஒட்டி அந்தக் குறைவு நின்றுவிட்டது. அதற்கு மேல் நடந்தவர்களுக்குப் பெரிய லாபம் தெரியவில்லை.

இதை எப்படியோ மனைவி படித்துவிட்டார். “ஏங்க, ஏழாயிரத்து ஐந்நூறே போதுமாம். லைட்டை அணைச்சுட்டு வந்து படுங்க.”

“அது பாட்டிங்களுக்கு” என்றார் இவர், நடையை நிறுத்தாமல்.

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: “அப்ப நான் எப்பவோ பாஸ்!”

காலையில் நாலரைக்கு ஓட்டம். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. வெயில் பாதிக் காரணம்தான். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். இங்கே அது ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடல் கொதித்துக்கொண்டே இருக்கும். ஆகவே சூரியன் எழுவதற்குள் ஓடி முடித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் தெருவில் விழித்திருப்பவர்கள் பால் பாக்கெட் இறக்குகிறவர்களும் நாய்களும் மட்டுமே. ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஸ்டெப்ஸ் சாரின் ஆகச் சிறந்த நேரத்துக்கான முழுப் பெருமையும் பால் பூத் வாசலில் படுத்திருக்கும் ஒரு பழுப்பு நிற நாயையே சேரும். காலணி விலையோ பயிற்சி அட்டவணையோ அந்தச் சாதனைக்கு உரிமை கோர முடியாது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பெசன்ட் நகர் கடற்கரை. 1930-ல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்கைச் சேர்ந்த ஷ்மிட்டின் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. அதனருகே நின்று காலை இழுத்துவிட்டுக்கொண்டு நண்பர்களோடு பத்து கிலோமீட்டர் ஓடுவார். ஓட்டத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். ஸ்டெப்ஸ் சாரின் எடை 78 கிலோ. பத்து கிலோமீட்டருக்கு 780 கலோரி. அவருடைய கடிகாரமோ ஆயிரத்துக்கு மேல் என்று தாராளமாகச் சொல்லும்.

யாரை நம்புவது? 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். அவற்றில் ஆறு, நாடித்துடிப்பை ஐந்து சதவீதப் பிழைக்குள் சரியாகச் சொல்லின. கலோரி விஷயத்தில் எல்லாமே கோட்டை விட்டன. இருப்பதிலேயே நல்ல கருவிக்குச் சராசரிப் பிழை 27 சதவீதம். மோசமான கருவிக்கு 93 சதவீதம். ஸ்டெப்ஸ் சார் இந்த ஆய்வின் முதல் பாதியை நண்பர்களுக்கு அனுப்பி வைத்தார். மறுபாதியின் மேல் நெய்ப் பொங்கல், ஒரு வடை, ஒரு காபி என்று இறக்கி வைத்துவிட்டார். ஓட்டம் முடிந்து டிபன் சாப்பிடுவது சென்னை ஓட்டக்காரர்களின் எழுதப்படாத சட்டம். பலர் அந்த டிபனுக்காகத்தான் ஓடவே வருகிறார்கள் என்பது இதை எழுதுகிறவரின் கணிப்பு.

பொங்கல் விஷயம் வீட்டுக்குத் தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் ஓட்டத்தைப் பதிவு செய்யும் செயலியில் மனைவியும் கணக்குத் தொடங்கியிருந்தார். வரைபடத்தில் ஆரஞ்சு நிறக் கோடு கடற்கரையோரமாக அழகாகப் போய், அடையாறு பக்கம் ஒரு தெருவில் நுழைந்து, ஒரே புள்ளியில் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றது.

“ஏங்க, இங்க என்ன பண்ணீங்க?”

“ஸ்ட்ரெச்சிங்.”

“சாம்பார் ஊத்திக்கிட்டா?”

ஸ்டெப்ஸ் சார் வெட்கப்பட வேண்டியதில்லை. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற ஓட்டச் செயலி, உலகம் முழுக்கத் தன் பயனாளர்கள் ஓடிய தடங்களையெல்லாம் ஒரே வரைபடமாக வெளியிட்டது. சில மாதங்கள் கழித்து ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதை உற்றுப் பார்த்தார். பாலைவனத்தின் நடுவே, ஊரே இல்லாத இடங்களில், வட்டமாகவும் சதுரமாகவும் கோடுகள் ஒளிர்ந்தன. ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் கையில் கருவியோடு ஓடிய தடங்கள் அவை. வல்லரசின் படையாலேயே மறைக்க முடியாததை, வேளச்சேரிக்காரர் ஒரு வடைக்காக எப்படி மறைத்துவிட முடியும்?

இவ்வளவையும் காட்டிக்கொடுக்கும் கருவிக்கு, அப்பாவாக அவர் செய்யும் வேலை மட்டும் கண்ணில் படுவதே இல்லை. காரணம் எளிமையானது. கடிகாரத்துக்குள் முடுக்கத்தை உணரும் சின்னஞ்சிறு சில்லு ஒன்று இருக்கிறது. மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் மணிக்கட்டு எப்படி அசைகிறது என்பதை அது கவனிக்கிறது. கை ஒரே தாளத்தில் வீசி வீசி வந்தால், ‘இவர் நடக்கிறார்’ என்று முடிவு கட்டி எண்ணத் தொடங்கும். காலை அது பார்ப்பதில்லை. கை வீசினால்தான் கணக்கு.

பிள்ளை பெற்றவர்களின் கை எங்கே வீசுகிறது? மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தள்ளுவண்டியின் பிடியில் இருந்தது. இப்போது சூப்பர் மார்க்கெட்டில் டிராலியின் பிடியில் இருக்கிறது. சாலையைக் கடக்கும்போது மகளின் கைக்குள் இருக்கிறது. போன கோடை விடுமுறையில் மகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார். இடது கையால் இருக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “விட்டுடாதப்பா, விட்டுடாத!” என்ற அலறலோடு தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நாக்குத் தள்ள ஓடினார். கடிகாரத்தைப் பார்த்தால், ஏதோ சாய்வு நாற்காலியில் மாலைப் பொழுதைக் கழித்தவருக்குரிய எண்ணிக்கை. லிப்ட் பழுதான நாளில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்து, இடது கையால் அணைத்துப் பிடித்து மூன்று மாடி ஏறினார். அதற்கும் அதே மரியாதைதான். இந்தக் கருவியை வடிவமைத்தவர்கள் யாரும் குழந்தையைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப்போனதே இல்லையோ என்று சந்தேகம் வருகிறது.

குறை கருவியிலா, கையிலா என்று பார்த்துவிட, கடிகாரத்தை ஒருநாள் அம்மாவின் கையில் கட்டி அனுப்பினார். அம்மா போனது தண்டீஸ்வரர் கோயிலுக்கு. அன்று அவருக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது: அடிப்பிரதட்சணம். ஒரு காலின் விரல் நுனியில் மறு காலின் குதிகால் ஒட்ட, அடி அடியாகப் பிரகாரத்தைச் சுற்றி வர வேண்டும். இரண்டு கையும் கும்பிட்டபடியே இருக்கும். அடியோ ஒரு ஜாண். வேகமோ நத்தைக்கும் கீழே. மணிக்கட்டில் அசைவே இல்லை. அந்தச் சில்லு மட்டும் என்ன செய்யும்? அம்மா சுற்றி முடித்து நிமிர்ந்தபோது, ‘வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து சற்று நடமாடுங்கள்’ என்று கடிகாரம் அதிர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டார். “இதுக்கு எண்ணத் தெரியலடா. எண்ண வேண்டியவன் எண்ணிக்கிட்டான்.”

அலுவலகத்தில் அடிப் போட்டி ஒன்று வந்தது. ஒரு மாதம், நான்கு பேர் கொண்ட குழுக்கள், பெரிய திரையில் தினமும் பட்டியல். ஸ்டெப்ஸ் சாரின் குழு பின்தங்கியிருந்த சமயம் மகள் யோசனை சொன்னாள்: “என்கிட்ட குடுப்பா, டான்ஸ் கிளாஸுக்குக் கட்டிக்கிட்டுப் போறேன்.” நியாயமா என்று கேட்காதீர்கள். போட்டி என்று வந்தபின் பெரிய நிறுவனங்களே கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. பரதநாட்டிய வகுப்பில் அன்று தட்டடவு. அரைமண்டியில் அமர்ந்து, பாதம் சிவக்கத் தரையைத் தட்டித் தட்டி ஒன்றரை மணி நேரம் பயிற்சி. தட்டடவில் கை இரண்டும் எங்கே இருக்கும் என்பது நாட்டியம் பயின்றவர்களுக்குத் தெரியும். இடுப்பில். எண்ணிக்கை ஏறுவேனா என்று அடம்பிடித்தது. அடுத்த வகுப்பில் கை நீட்டி ஆடும் நாட்டடவு என்று ஸ்டெப்ஸ் சார் ஆசையோடு காத்திருந்தார். ஆசிரியையோ நகையும் கடிகாரமும் வகுப்புக்குள் கூடாது என்று சொல்லிவிட்டார்.

போட்டியில் அதிக எண்ணிக்கை காட்டியவர் நடப்பதையே வெறுக்கும் ஒரு டெஸ்டிங் பிரிவுக்காரர். மெட்ரோ ரயில் பணிக்காகத் தோண்டிப்போட்ட சாலை வழியாக அவர் தினமும் பைக்கில் அலுவலகம் வருகிறார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கைப்பிடி குலுங்க, கை குலுங்க, கடிகாரம் அதையெல்லாம் நடையாக எழுதிக்கொண்டது. அவருக்குக் கிடைத்த பரிசு, இன்னொரு கைக்கடிகாரம்.

ஸ்டெப்ஸ் சார் அடுத்ததாக எடைப் பயிற்சிக்கு மாறினார். முதுகில் சுமையோடு நடப்பது இப்போது உலகம் முழுக்கப் பரவிவரும் பயிற்சி. இணையத்தில் தேடி, மணல் நிரப்பிய ஜாக்கெட் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினார். எடை ஐந்து கிலோ. அதை மாட்டிக்கொண்டு மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போனார். மகள் முதுகில் புத்தகப் பை. சூட்கேஸ் நிறுக்கும் தராசில் மனைவி அந்தப் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது முள் ஐந்து கிலோவைத் தாண்டியது. மத்திய அரசு 2020-ல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கைப்படி, பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 1.7 முதல் 2.5 கிலோ வரைதான் அனுமதி. மறுநாளிலிருந்து ஜாக்கெட் அலமாரிக்குப் போனது. பை அப்பாவின் முதுகுக்கு வந்தது.

வெளியே கடிகாரத்தின் தாராளமும் கஞ்சத்தனமும் இப்படியென்றால், வீட்டுக்குள் அது வேறொன்றைக் கண்டுபிடித்தது. அதன் அடிப்பகுதியில் பச்சை விளக்கு ஒன்று மின்னிக்கொண்டே இருக்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். இதயம் துடிக்கும்போது மணிக்கட்டில் ரத்தம் கூடும், திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துடிப்பைக் கணக்கிடுகிறது. பத்து நிமிடம் அசையாமல் இருந்தும் துடிப்பு 120-ஐத் தாண்டினால் எச்சரிக்கும். ஒரு மாலை, அப்பாவும் மகளும் மேசையருகே அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். காலும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்பது கேள்வி. ஏழில் இரண்டு என்று மகள் எழுதினாள். விளக்கினார். மறுபடியும் ஏழில் இரண்டு. பீட்சா படம் வரைந்து விளக்கினார். “அப்பா, டீச்சர் வேற மாதிரி சொன்னாங்க.” கடிகாரம் அதிர்ந்தது. ஓட்டத்தில், படியில், சைக்கிளுக்குப் பின்னால் எங்கும் கிடைக்காத அங்கீகாரம் பின்னக் கூட்டலில் கிடைத்தது. விடை பன்னிரண்டில் ஏழு.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் திருத்திய வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது; 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அதில் எடுத்துவிட்டார்கள். ஆகவே கேன் சுமந்து ஏறிய மூன்று மாடியும், சைக்கிளுக்குப் பின்னால் ஓடிய தெருவும் அங்கே செல்லுபடியாகும். எண்ணிக்கையிலும் அது ஏறியே ஆக வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர், டிராலியோ தள்ளுவண்டியோ தள்ளும்போது போனைப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். அது தொடையின் அசைவை எண்ணிவிடும். சிலர் கடிகாரத்தைக் கழற்றிக் கணுக்காலில் கட்டிக்கொள்கிறார்கள். அடிக்கணக்கு அங்கே ஓரளவு சரியாக வரும். நாடித்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். கோயிலுக்குள் போகும்போது கழற்றிவிடுங்கள், செருப்போடு வந்துவிட்டீர்களோ என்று பார்க்கிறார்கள்.